வட்டு நிரம்புமுன் மணி ஒலிக்க வேண்டும்

வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டது என்பதை நாம் எப்படி அறிந்துகொள்கிறோம்? பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றுதான். தண்ணீர் வழிந்து முற்றத்தில் கொட்டும் சத்தம் கேட்கும். யாராவது ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவார்கள். இதில் நமக்கு ஏற்படும் நட்டம் சில குடம் தண்ணீரும் கொஞ்சம் மின்சாரமும்தான்.

நிரம்புவது தண்ணீர்த் தொட்டியாக இல்லாமல், கணிப்பொறியின் சேமிப்பு வட்டாக இருந்தால் என்ன ஆகும்? வட்டு நிரம்பினால் வழியாது, சத்தமும் கேட்காது. அடுத்து வரும் தகவலை எழுதிக்கொள்ள இடமில்லை என்று கணிப்பொறி கையை விரித்துவிடும். அதை நம்பியிருந்த வேலைகள் ஒவ்வொன்றாக நிற்கும்.

இது கற்பனை அன்று. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், ஜப்பானில் டொயோட்டா நிறுவனத்தின் 14 கார்த் தொழிற்சாலைகளும் நின்றுபோயின. அவற்றில் இருந்த உற்பத்தி வரிசைகள் 28. பூகம்பம் இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, மின்வெட்டும் இல்லை. உதிரிப் பாகங்களுக்கு ஆணை அனுப்பும் கணிப்பொறிகளில் பராமரிப்பு வேலை நடந்தபோது வட்டில் இடம் போதாமல் போனது. அதனால் அமைப்பே நின்றுவிட்டது என்று அந்த நிறுவனமே பின்னர் அறிவித்தது. மாற்று ஏற்பாடாக வைத்திருந்த கணிப்பொறிகளும் அதே அமைப்பில் இயங்கியதால் அவையும் அதே காரணத்தால் கைகொடுக்கவில்லை. தகவல்களை அதிக இடமுள்ள வேறொரு கணிப்பொறிக்கு மாற்றிய பிறகே மறுநாள் வேலை தொடங்கியது.

தொட்டி வழியும்வரை காத்திருக்காமல், முன்கூட்டியே மணி அடிக்க ஓர் ஏற்பாடு செய்ய முடியாதா? முடியும். பெரிய கணிப்பொறி நிலையங்களில் இதற்கென்றே கண்காணிப்பு மென்பொருள்கள் இயங்குகின்றன. அவை எப்போது மணி அடிக்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், தாமாகவே எதைச் செய்யலாம் என்பதையெல்லாம் மனிதர்தான் முன்கூட்டித் தீர்மானித்துக் கொடுக்க வேண்டும். எளிதான வேலையாகத் தோன்றும் இதற்குள் எவ்வளவு கணக்கும் இயற்பியலும் மறைந்திருக்கின்றன என்பதைப் பார்ப்போம்.

வட்டில் என்ன நிரம்புகிறது?

நாம் எடுக்கும் படங்களும் பாடல்களும் மட்டுமே வட்டை நிரப்புவதாக எண்ணிவிடக் கூடாது. ஒரு வங்கியின் கணிப்பொறியை எடுத்துக்கொள்வோம். யார் எப்போது பணம் எடுத்தார், எந்த எந்திரத்தில் எடுத்தார், வேலை சரியாக முடிந்ததா என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒரு வரி எழுதிக்கொண்டே வரும். இதனை நடவடிக்கைப் பதிவேடு எனலாம். கப்பல் தலைவன் எழுதும் நாட்குறிப்பைப் போன்றது இது.

ஒரு வரிக்கு 200 பைட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பைட் என்பது ஏறத்தாழ ஓர் ஆங்கில எழுத்தை எழுதப் போதுமான இடம். ஒரு நொடிக்கு 1,000 வரிகள் எழுதப்பட்டால் 2,00,000 பைட். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். பெருக்கிப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 1,728 கோடி பைட், அதாவது 17.28 ஜிகாபைட். ஆயிரம் ஜிகாபைட் கொண்ட வெற்று வட்டு இந்தப் பதிவேட்டினால் மட்டுமே 58 நாட்களில் நிரம்பிவிடும். ஏதோ ஒரு கோளாறினால் ஒவ்வொரு வரியும் பத்துத் தடவை எழுதப்பட்டால், ஆறே நாட்கள்!

வட்டு நிரம்பியதும் கணிப்பொறி ஏன் நிற்க வேண்டும்? பேரேட்டில் பக்கம் தீர்ந்துபோன கணக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கணக்கில் எழுதாமலேயே பணத்தை வாங்கவும் கொடுக்கவும் செய்யலாம். ஆனால் மாலையில் கணக்கு உதைக்கும். பொறுப்புள்ள கணக்கர், "பேரேடு வரும்வரை கொடுக்கல் வாங்கல் இல்லை" என்று கடையைச் சாத்திவிடுவார். நல்ல தகவல் தளமும் இப்படித்தான் செய்கிறது. தவறாக எழுதுவதைவிட நின்றுவிடுவது மேல் என்பது அதன் கொள்கை.

காவல்காரனின் நான்கு வேலைகள்

எந்தக் கண்காணிப்பு மென்பொருளானாலும் அதன் வேலையை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, அளத்தல்: வட்டில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது, வட்டு எவ்வளவு சூடாக இருக்கிறது, எழுதுவதில் தாமதம் ஏற்படுகிறதா என்று சில நிமிடங்களுக்கு ஒரு முறை பார்ப்பது. இரண்டாவது, ஒப்பிடுதல்: அளந்த எண்ணை, நாம் வகுத்துக் கொடுத்த எல்லையோடு ஒப்பிடுவது. மூன்றாவது, அறிவித்தல்: எல்லை கடந்தால் உரியவருக்குச் செய்தி அனுப்புவது. நான்காவது, செயல்படுதல்: அனுமதிக்கப்பட்ட சில வேலைகளைத் தானே செய்வது.

அளப்பதும் ஒப்பிடுவதும் எந்திரத்துக்கு எளிது. சங்கடம் எல்லாம் எல்லையை வகுப்பதிலும், அறிவிப்பதிலும், செயல்படுவதிலும்தான்.

எல்லைக்கோடு எங்கே?

"90 விழுக்காடு நிரம்பினால் மணி அடி" என்று சொல்லிவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்த 90 என்ற எண் எல்லா வட்டுக்கும் ஒரே பொருளைத் தருமா?

100 ஜிகாபைட் வட்டில் 90 விழுக்காடு நிரம்பினால் மீதம் 10 ஜிகாபைட். 10,000 ஜிகாபைட் வட்டில் அதே 90 விழுக்காடு நிரம்பினால் மீதம் 1,000 ஜிகாபைட். முதல் வட்டுக்கு அவசரம். இரண்டாவதற்கு அவ்வளவு அவசரம் இல்லாமல் இருக்கலாம். ஆகவே விழுக்காடு மட்டும் போதாது. நமக்கு உண்மையில் தேவைப்படுவது, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்ற விடை.

தொலைவை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்று படித்திருக்கிறீர்கள். இங்கும் அதே சூத்திரம்தான்:

மீதமுள்ள நேரம் = மீதமுள்ள இடம் ÷ நிரம்பும் வேகம்

ஒரு வட்டில் 200 ஜிகாபைட் மீதம் இருக்கிறது. நாளைக்கு 5 ஜிகாபைட் வீதம் நிரம்பினால் 40 நாட்கள் உள்ளன. அடுத்த வாரம் புதிய வட்டு வாங்கிக்கொள்ளலாம். அதே வட்டு மணிக்கு 20 ஜிகாபைட் வீதம் நிரம்பினால் பத்து மணி நேரம்தான் உள்ளது. இரவு பத்து மணிக்கு இது தெரியவந்தால், காலை எட்டு மணிக்கு ஊழியர்கள் வருமுன் எல்லாம் முடிந்திருக்கும். இரு வேளையிலும் மீதமுள்ள இடம் ஒன்றே, ஆபத்து ஒன்றல்ல.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சில வட்டுகளில் நள்ளிரவில் பெரிய நகல் ஒன்று எடுக்கப்படும். விடியுமுன் அது வேறிடத்துக்கு மாற்றப்படும். அந்த ஒரு மணி நேர வேகத்தை மட்டும் பார்த்தால் "இன்று இரவே வட்டு நிரம்பிவிடும்" என்ற தவறான முடிவுக்கு வருவோம். ஆகவே கண நேர வேகத்தைப் பார்க்காமல், போதுமான நேர இடைவெளியில் சராசரி வேகத்தைக் கணக்கிட வேண்டும். ரயில் ஒரு நிலையத்தில் நின்றிருக்கும்போது அதன் வேகத்தைப் பார்த்துவிட்டு, "இது சென்னைக்குப் போய்ச் சேரவே சேராது" என்று சொல்வோமா?

மணி ஓயாமல் அடித்தால்

எல்லையை 90 என்று வைத்துவிட்டோம். வட்டு 89.9-இல் இருந்து 90.1-க்கு ஏறுகிறது, மணி அடிக்கிறது. ஒரு தற்காலிகக் கோப்பு அழிகிறது, 89.9-க்கு இறங்குகிறது, "ஆபத்து நீங்கியது" என்று செய்தி வருகிறது. மீண்டும் 90.1, மீண்டும் மணி. ஓர் இரவில் இப்படி நூறு செய்திகள் வந்தால், பொறியாளர் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்.

இந்தத் தொல்லைக்கு இயற்பியலில் பழைய மருந்து ஒன்று உண்டு. குளிர்பதனப் பெட்டியைப் பாருங்கள். ஒரே வெப்பநிலையில் அதன் மோட்டார் ஓடவும் நிற்கவும் ஏற்பாடு செய்திருந்தால், அது நொடிக்கு நொடி ஓடுவதும் நிற்பதுமாக இருந்து சீக்கிரம் பழுதாகிவிடும். ஆகவே ஓடத் தொடங்கும் வெப்பநிலை ஒன்று, நிற்கும் வெப்பநிலை வேறொன்று என்று இரண்டாக வைத்திருக்கிறார்கள். 1934-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஓட்டோ ஷ்மிட் என்பவர் இதே கொள்கையில் ஒரு மின்சுற்றை வடிவமைத்தார். ஷ்மிட் டிரிகர் என்ற அவர் பெயரைத் தாங்கிய அந்தச் சுற்று, இன்றும் மின்னணுக் கருவிகளில் பயன்படுகிறது. இரும்பைக் காந்தமாக்கும்போதும் காந்தத்தன்மையை நீக்கும்போதும் அது ஒரே பாதையில் செல்வதில்லை என்பதை மேல்நிலை வகுப்பில் "தயக்கம்" என்ற பெயரில் படிப்பீர்கள். இங்கு நாம் வேண்டுமென்றே ஒரு தயக்கத்தைப் புகுத்துகிறோம்.

வட்டுக்கும் அப்படியே. 90-இல் மணி அடிக்கட்டும். ஆனால் 85-க்குக் கீழே இறங்கினால்தான் "ஆபத்து நீங்கியது" என்று சொல்லட்டும். இடையில் உள்ள சிறு ஏற்ற இறக்கங்களுக்கு வாய் திறக்கக் கூடாது. வெப்பநிலை போன்று சட்டென ஏறி இறங்கும் அளவுகளுக்கு, "பத்து நிமிடம் தொடர்ந்து எல்லைக்கு மேல் இருந்தால் மட்டும் சொல்" என்று இன்னொரு நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பொய் மணியின் கணக்கு

வட்டு நிரம்புவது ஒரு பக்கம் இருக்க, அது பழுதாகவும் கூடும். இன்றைய வட்டுகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் வசதி கொண்டவை. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடங்களில் படிக்க முடியாமல் போனது, வெப்பம் எவ்வளவு என்றெல்லாம் அவை எண்ணிவைக்கும். 2007-இல் கூகுள் நிறுவனத்தைச் சேர்ந்த மூவர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். வட்டு தன்னைத் தானே சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டால், அப்படிப் பிழை இல்லாத வட்டைக் காட்டிலும் அது அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு என்று அவர்கள் கண்டனர். அதே கட்டுரை இன்னொன்றையும் சொன்னது. பழுதான வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலேயே பழுதாயின.

இதிலிருந்து என்ன தெரிகிறது? அறிகுறி வந்தால் அலட்சியம் செய்யக் கூடாது. அறிகுறி வரவில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. முக்கியமான தகவலுக்கு வேறிடத்தில் ஒரு நகல் இருக்கவே வேண்டும்.

சரி, கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் மணி அடித்துவிட்டால் பாதுகாப்புத்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு நிலையத்தில் 1,000 வட்டுகள் உள்ளன. அவற்றில் இந்த மாதம் பழுதாகப் போகிறவை 10. நம் மணி மிக நல்லது. பழுதாகப் போகிற பத்தில் ஒன்பதைச் சரியாகக் காட்டிவிடும். நல்ல வட்டுகளில் நூற்றுக்கு ஐந்தை மட்டும் தவறாகப் பழுது என்று காட்டும். நல்ல வட்டுகள் 990. அதில் ஐந்து விழுக்காடு ஏறத்தாழ 50. ஆக மொத்தம் மணி அடிப்பது 59 தடவை. அதில் உண்மையான மணி 9. பொய் மணி 50. அதாவது ஏழு தடவை மணி அடித்தால் ஒரு தடவைதான் உண்மை!

"புலி வருது, புலி வருது" என்று விளையாட்டாகக் கத்திய சிறுவனின் கதை உங்களுக்குத் தெரியும். உண்மையில் புலி வந்தபோது ஊரார் யாரும் வரவில்லை. பொய் மணி அதிகமானால், ஊரார் நிலைதான் பொறியாளருக்கும். ஆகவே ஒரு மணியை அமைக்குமுன் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: "இது அடித்தால் யாராவது எழுந்து போய் ஏதாவது செய்ய வேண்டியிருக்குமா?" இல்லை என்றால் அது மணியாக இருக்கத் தேவையில்லை, மறுநாள் படித்துக்கொள்ளும் குறிப்பாக இருந்தால் போதும்.

செய்தி யாருக்கு?

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வானிலிருந்து வரும் மியூவான் என்னும் துகள்களை எண்ணும் சோதனை ஒன்றை முதுகலை மாணவர்கள் இருவர் எங்கள் ஆய்வகத்தில் அமைத்தனர். ஒரு வாரம் இரவும் பகலும் எண்ண வேண்டும். கருவி வெள்ளிக்கிழமை மாலை ஓடத் தொடங்கியது. ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டு போனோம். திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது திரையில் ஒரு சிறு பெட்டி தெரிந்தது: "வட்டில் இடமில்லை." கணிப்பொறி சனிக்கிழமை இரவே எழுதுவதை நிறுத்திவிட்டது. அதன்பின் வந்த துகள்கள் கருவியைக் கடந்து போயின, எண்ணத்தான் ஆளில்லை.

மணி அடிக்கவில்லையா? அடித்தது. எச்சரிக்கையும் சரியான நேரத்தில்தான் வந்தது. ஆனால் பூட்டிய அறைக்குள், ஒருவரும் பார்க்காத திரையில் வந்தது. மாணவர்களின் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை. பிழை அவர்களுடையது அன்று. தொடங்குமுன் கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்காத என்னுடையது. "மணி அடிக்குமா?" என்று கேட்டால் போதாது, "அடித்தால் யார் காதில் விழும்?" என்றும் கேட்க வேண்டும்.

பெரிய நிலையங்களில் செய்திகளை அவசரத்துக்கு ஏற்றபடி தரம் பிரிக்கிறார்கள். ஒரு மாதத்தில் நிரம்பும் வட்டா? வாராந்திர அறிக்கையில் ஒரு வரி. மூன்று நாளில் நிரம்புமா? அலுவல் நேரத்தில் பொறுப்பாளருக்கு மின்னஞ்சல். நான்கு மணி நேரத்தில் நிரம்புமா? நள்ளிரவானாலும் அன்றைய முறைப் பொறியாளரின் கைப்பேசி ஒலிக்க வேண்டும். "பார்த்துவிட்டேன்" என்று அவர் பதில் தராவிட்டால், பதினைந்து நிமிடம் கழித்து அடுத்தவருக்கு அழைப்பு. அவரும் எடுக்காவிட்டால் மேலாளருக்கு.

செய்தியில் என்ன இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். யூனிக்ஸ் வகைக் கணிப்பொறிகளில், வட்டில் இடமில்லை என்பதற்கு உரிய பிழை எண் 28. "பிழை 28" என்று மட்டும் நள்ளிரவில் ஒரு செய்தி வந்தால், தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்? எந்தக் கணிப்பொறி, எந்த வட்டு, இப்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது, என்ன வேகத்தில் நிரம்புகிறது, இன்னும் எவ்வளவு நேரம் உள்ளது, முதலில் எதைச் செய்து பார்க்க வேண்டும் - இவ்வளவும் நாலு வரியில் இருக்க வேண்டும்.

மௌனம் நல்ல செய்தியா?

செய்தி எதுவும் வரவில்லை என்றால் எல்லாம் நலம் என்று எண்ணுவது நம் இயல்பு. இந்த எண்ணம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2017-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் நடந்தது ஒரு சான்று. மென்பொருள் எழுதுவோர் தம் படைப்புகளைச் சேமித்துவைக்கும் கிட்லேப் என்ற நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் தவறான கணிப்பொறியில் தகவல் தளத்தை அழித்துவிட்டார். மனிதர் தவறு செய்வது இயல்பே. நகல் இருக்கிறதல்லவா, மீட்டுவிடலாம் என்று தேடினார்கள். நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய நகல் எடுக்கப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது! நகல் எடுக்கும் மென்பொருளின் பதிப்பும் தகவல் தளத்தின் பதிப்பும் பொருந்தாததே காரணம்.

அது தோல்வியடைந்த ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை மின்னஞ்சல் புறப்பட்டிருக்கிறது. ஆனால் அனுப்பியவர் யார் என்பதற்குரிய அத்தாட்சி சரியாக இல்லாததால், பெறும் இடத்தில் அந்த அஞ்சல்கள் ஏற்றுக்கொள்ளப்படாமல் தள்ளப்பட்டன. ஒருவரும் அவற்றைப் பார்க்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக ஒருவர் எடுத்துவைத்திருந்த நகல் தற்செயலாகக் கிடைத்தது. அதனால் இழப்பு ஆறு மணி நேரத் தகவலோடு நின்றது. நடந்த அனைத்தையும் அந்த நிறுவனம் ஒளிக்காமல் எழுதி வெளியிட்டது. அதனால்தான் நாம் இன்று அதிலிருந்து பாடம் கற்க முடிகிறது.

இதற்கு மாற்று என்ன? சில ஊர்களில் இரவுக் காவலர் மணிக்கு ஒரு தடவை தடியைத் தட்டி விசில் ஊதிக்கொண்டு போவார். "திருடன் வந்தால்தான் விசில்" என்று அவர் இருந்துவிட்டால், திருடன் வரவில்லையா அல்லது காவலர் தூங்கிவிட்டாரா என்பது நமக்கு எப்படித் தெரியும்? விசில் கேட்டால் நலம். கேட்காவிட்டால் போய்ப் பார்க்க வேண்டும். கண்காணிப்பு மென்பொருளையும் இப்படியே அமைக்கலாம். "நகல் நல்லபடி எடுக்கப்பட்டது" என்ற செய்தி நாள்தோறும் வர வேண்டும். வராவிட்டால் வேறொரு கணிப்பொறி மணி அடிக்க வேண்டும். அந்த வேறொரு கணிப்பொறி, கண்காணிக்கப்படும் வட்டை நம்பி இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

தானே செய்யும் கை

இனி நான்காவது வேலை. மனிதர் எழுந்து வருமுன் எந்திரமே ஏதாவது செய்யலாமே? தொட்டியில் மிதவை வால்வு வைத்தால், நீர்மட்டம் உயர்ந்ததும் மிதவை எழுந்து குழாயை மூடிவிடுகிறது. வட்டுக்கும் அத்தகைய ஏற்பாடுகள் உண்டு. பழைய பதிவேடுகளைச் சுருக்கி வைத்தல், தற்காலிகக் கோப்புகளை நீக்குதல், வேறு வட்டிலிருந்து இடம் சேர்த்தல், புதிதாக எழுதுவதை நிறுத்திப் படிப்பதை மட்டும் அனுமதித்தல் ஆகியவை சில.

வட்டு பழுதானால் தானே சரிசெய்துகொள்ளும் முறை ஒன்று மிக அழகானது. 5, 8, 4 என்ற மூன்று எண்களை மூன்று வட்டுகளில் எழுதி, அவற்றின் கூட்டுத்தொகை 17-ஐ நான்காவது வட்டில் எழுதிவைப்போம். இரண்டாவது வட்டு பழுதாகிவிட்டது. கவலை இல்லை, 17-இலிருந்து 5-ஐயும் 4-ஐயும் கழித்தால் 8 கிடைத்துவிடும். கணிப்பொறி கூட்டலுக்குப் பதில் வேறொரு தர்க்கச் செயலைப் பயன்படுத்துகிறது, கருத்து இதுதான். தயாராக வைத்திருக்கும் மாற்று வட்டில் இழந்த எண்களை எல்லாம் கணக்கிட்டு அதுவே எழுதிக்கொள்ளும்.

ஆனால் தானியங்கிக் கைக்கு ஒரு பலவீனம் உண்டு. சொன்னதைச் செய்யும்; ஏன் என்று கேட்காது. இதை நமக்கு உணர்த்தியது பூமியில் அல்ல, செவ்வாய்க் கிரகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி.

அமெரிக்காவின் நாசா அனுப்பிய ஸ்பிரிட் என்ற ஊர்தி 2004 ஜனவரியில் செவ்வாயின் கூசெவ் பள்ளத்தில் இறங்கியது. ஜனவரி 21-ஆம் நாள் திடீரென்று அதன் பேச்சு நின்றது. அதன் நிலையான நினைவகத்தில், பயணத்தின்போது சேர்ந்தவை உட்பட ஏராளமான கோப்புகள் இருந்தன. தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கோப்புகளின் பட்டியலைக் கணிப்பொறி தன் வேலை நினைவகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பட்டியல் பெரிதாகிவிட்டதால் அங்கே இடம் போதவில்லை. கோளாறு ஏற்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள்: "மீண்டும் தொடங்கு." அது மீண்டும் தொடங்கியது, மீண்டும் பட்டியலை ஏற்றியது, மீண்டும் இடமில்லை, மீண்டும் தொடங்கியது. 60 தடவைக்கு மேல் இப்படி நடந்தது. இரவில் உறங்கி மின்கலத்தைக் காக்க வேண்டிய ஊர்தி, உறக்கமின்றித் தவித்தது. மின்கலம் தீர்ந்துகொண்டே வந்தது.

நல்லவேளையாக, அந்த நினைவகத்தைத் தொடாமலேயே தொடங்கு என்று பூமியிலிருந்து கட்டளை அனுப்பும் வழி ஒன்றைப் பொறியாளர்கள் முன்கூட்டியே வைத்திருந்தனர். அக்கட்டளை போய்ச் சேர்ந்தது, ஊர்தி அடங்கியது. தேவையற்ற கோப்புகளை நீக்கி, பிப்ரவரியில் நினைவகத்தைப் புதிதாக அமைத்தனர். தொண்ணூறு செவ்வாய் நாட்களுக்கென்று அனுப்பப்பட்ட ஸ்பிரிட், 2010 மார்ச்சு வரை செய்தி அனுப்பியது.

தானியங்கி ஏற்பாடு செய்வோர் இதிலிருந்து மூன்று விதிகளைக் கற்றுக்கொள்ளலாம். ஒன்று: எத்தனை தடவை முயலலாம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். மூன்று தடவை செய்தும் பயனில்லை என்றால் நிறுத்திவிட்டு மனிதரை அழைக்க வேண்டும். இரண்டு: திரும்பப் பெற முடியாத செயலை எந்திரத்திடம் விடக் கூடாது. சுருக்கி வைத்ததை விரிக்கலாம். நகர்த்தியதைத் திரும்பக் கொண்டுவரலாம். ஒரே நகலையும் அழித்துவிட்டால் அழித்ததுதான். மூன்று: எந்திரம் எதைச் செய்தாலும் செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் தினமும் குப்பையைக் கூட்டிக்கொண்டே இருந்தால், குப்பை எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடமாட்டார்கள்.

நீங்களும் செய்து பாருங்கள்

வீட்டில் யாரிடமாவது கைப்பேசி இருந்தால், அதன் அமைப்புப் பக்கத்தில் சேமிப்பிடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் அந்த எண்ணை ஒரு தாளில் குறித்துவாருங்கள். பத்து நாள் ஆனதும் வரைபடத் தாளில் கிடை அச்சில் நாளையும், குத்து அச்சில் நிரம்பிய இடத்தையும் குறித்து, புள்ளிகளுக்கு நடுவே செல்லும்படி ஒரு நேர்கோடு வரையுங்கள். கோட்டின் சாய்வுதான் நிரம்பும் வேகம். அதே கோட்டை மேலே நீட்டினால், மொத்தக் கொள்ளளவை என்றைக்கு அது தொடுகிறது என்பது தெரிந்துவிடும். நடுவில் கல்யாண வீட்டுக்குப் போய் நிறையப் படம் எடுத்திருந்தால் ஒரு புள்ளி மட்டும் துள்ளி நிற்கும். அதை என்ன செய்வது என்று யோசியுங்கள். பிறகு எச்சரிக்கைக்கு ஓர் எல்லை, ஆபத்து நீங்கியதற்கு ஓர் எல்லை என இரண்டு கோடுகள் வரைந்து, எப்போது மணி அடிக்கும், எப்போது ஓயும் என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. மணியை அமைத்ததோடு வேலை முடிந்துவிடாது. அது அடிக்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். தீயணைப்புப் பயிற்சியின்போது தீ இல்லாமலேயே மணி அடித்துப் பார்ப்பதில்லையா? அப்படியே, சோதனைக்கென்று ஒரு சிறு வட்டை வேண்டுமென்றே நிரப்பிப் பார்க்க வேண்டும். செய்தி புறப்பட்டதா, உரியவர் கைக்கு வந்ததா, அவருக்குப் புரிந்ததா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது நெடுநாள் சோதனை எதையும் தொடங்குமுன் மாணவர்கள் இதைச் செய்துபார்க்கிறார்கள். மியூவான் சோதனையை மறு ஆண்டு வேறு இருவர் மீண்டும் செய்தனர். ஒரு நள்ளிரவில் என் கைப்பேசி ஒலித்தது. "வட்டு இன்னும் ஆறு மணி நேரத்தில் நிரம்பும்" என்றது செய்தி. எழுந்து, விடுதியில் இருந்த மாணவரை அழைத்தேன். "பார்த்துவிட்டேன் சார், ஆய்வகத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்" என்றார் அவர். அன்றிரவு ஒரு துகளும் எண்ணாமல் விடப்படவில்லை.